பொருநைப் பாசனத்தில் செயற்கை நுண்ணறிவு: வேளாண் தலைமையின் தீர்ப்பும் பொறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

நெற்பயிரின் நோயை அறிதல், பருவமழையை முன்னுரைத்தல், உழவரின் வினாவிற்கு விடையளித்தல் ஆகிய பணிகளுக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று பயன்பாட்டிற்கு வந்துள்ளன. இக்கருவிகள் தரும் விடையை எந்த அளவு ஏற்பது, எங்கே நிறுத்தி வைப்பது என்னும் தீர்ப்பு வேளாண் தலைமைக்குரியது. திருநெல்வேலி வயல்களில் திரட்டப்பட்ட ‘பேடி டாக்டர்’ என்னும் நெல் இலைப் படத்தொகுப்பையும், தாமிரபரணியின் கால்வாய்ப் பாசன அமைப்பையும், உழவர் பேச்சுத் தமிழையும் சான்றாகக் கொண்டு அத்தீர்ப்பின் இயல்பை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தாமிரபரணி, கார், பிசானம், கடைமடை, பயிற்றுத்தரவு, பொருளாதாரச் சேதநிலை, உழவர் வழக்குச்சொல்

முன்னுரை

வேளாண்மையில் செயற்கை நுண்ணறிவு பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் இரு வகையின. ஒரு வகை, டிரோன், உணரி, செயற்கைக்கோள் படம், செயலி எனக் கருவிகளை வரிசைப்படுத்திச் செல்வது. மற்றொரு வகை, இயந்திரம் உழவரின் இடத்தைப் பறித்துவிடும் என்னும் அச்சத்தை மொழிவது. இரண்டிலும் விடுபட்டுப் போகின்றவர், கருவி தந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டிய மனிதர். வட்டார வேளாண்மை உதவி இயக்குநர், நீர்வளத்துறைப் பொறியாளர், நீரைப் பயன்படுத்துவோர் சங்கத் தலைவர், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநர் ஆகியோர் அத்தகையோர். எந்த நாளில் நாற்றங்கால் பாவுகிறார் என்று ஊரே பார்த்திருந்து பின்பற்றும் மூத்த உழவரும் அவர்களுள் ஒருவரே. தன் முடிவின் விளைவைப் பிறரும் சுமக்கும் நிலையில் உள்ள எவரையும் இக்கட்டுரை ‘தலைமை’ என்ற சொல்லால் குறிக்கிறது.

இவ்வரையறைக்கு இப்பகுதியின் இலக்கியத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. முக்கூடற் பள்ளு, தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் சீவலப்பேரிப் பகுதியைக் களமாகக் கொண்டது. நெல் வகைகளின் பெயர்களும் மாட்டு வகைகளின் பெயர்களும் அதில் நீண்ட வரிசைகளாக இடம்பெறுகின்றன. அவற்றை அறிந்து சொல்பவன் குடும்பன். கணக்குக் கேட்பவன் பண்ணைக்காரன். கணக்குப் பிழைபட்டதாகக் கருதப்படும்போது தண்டனை பெறுபவன் குடும்பனே. அறிபவர் ஒருவராகவும் கேட்பவர் வேறொருவராகவும் பிழையின் சுமையைத் தாங்குபவர் எப்போதும் கீழே உள்ளவராகவும் அமைந்த அவ்வமைப்பில் இன்று ‘அறிபவர்’ இருக்கையில் ஒரு கணினி மாதிரி வந்து அமர்கிறது. அதனைத் தொழுவில் மாட்ட இயலாது. எனவே சுமை எங்கே போய் இறங்கும் என்னும் வினா முன்னினும் கூர்மையாகிறது.

பொருநைப் பாசனத்தின் அமைப்பு

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் அதன் குறுக்கே உள்ளன. இவற்றுள் கடைசியான திருவைகுண்டம் மட்டுமே ஆங்கிலேயர் காலத்தது. ஏனையவை அதற்கு முற்பட்டவை. இவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் 86,107 ஏக்கருக்குப் பாசனம் அளிக்கின்றன. மேலே 143 அடி உயரப் பாபநாசம் அணையும், 156 அடிச் சேர்வலாறு அணையும், 118 அடி மணிமுத்தாறு அணையும் நீரைத் தேக்கி வைக்கின்றன.

பாசனப் பருவங்கள் இரண்டு. தென்மேற்குப் பருவமழையை நம்பி ஜூன் மாதத்தில் தொடங்குவது கார். வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசியை ஒட்டித் தொடங்குவது பிசானம். மருதூர், திருவைகுண்டம் அணைக்கட்டுப் பகுதிகளில் முன்கார் என்னும் வழக்கும் உண்டு. இரு மழைக்கும் இடையே உள்ள இவ்விணைப்பு நுட்பமானது. காருக்கு நீர் திறப்பது தள்ளிப்போனால் அறுவடை ஐப்பசி மழையில் சிக்கும். களத்து நெல் நனையும். பிசான நடவும் தள்ளும். முன்கூட்டியே திறந்து, மலையில் மழை நின்றுபோனால் நாற்று முதிர்ந்து கெடும். தவறு எதுவாயினும் அதன் அழுத்தம் எட்டு அணைக்கட்டுகளிலும் சமமாக விழுவதில்லை. நீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை.

நெல்லை வயலிலிருந்து ஒரு படத்தொகுப்பு

செயற்கை நுண்ணறிவு என்றதும் அது எங்கோ அயல்நாட்டில் உருவாகி இங்கே வந்து சேர்வது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நெல் நோயைப் பொறுத்தவரை உண்மை அவ்வாறில்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் ஆய்வாளர்களின் பங்களிப்புடன் உருவான ‘பேடி டாக்டர்’ என்னும் நெல் இலைப் படத்தொகுப்பு, திருநெல்வேலிப் பகுதி வயல்களில் நேரடியாக எடுக்கப்பட்ட படங்களால் ஆனது. 2022இல் வெளியான இத்தொகுப்பில் 16,225 படங்கள் உள்ளன. வேளாண் வல்லுநரின் துணையோடு அவை 12 நோய், பூச்சித் தாக்குதல் வகைகளாகவும் நலமான இலை என்னும் ஒரு வகையாகவும் பெயரிடப்பட்டுள்ளன. பல ஆழ்கற்றல் மாதிரிகளை இத்தொகுப்பில் சோதித்தபோது ‘ரெஸ்நெட் 34’ என்னும் மாதிரி 97.5 விழுக்காடு எஃப்1 மதிப்பெண் பெற்றது.

இதன் ஒரு பகுதி 2022இல் ‘கேகிள்’ தளத்தில் உலகளாவிய போட்டிக்கு வைக்கப்பட்டது. ஜெரமி ஹோவர்டு நடத்திய ‘ஃபாஸ்ட்.ஏஐ’ இணையவழிப் பாடத்தில் இப்போட்டியே பயிற்சிக் களமாயிற்று. உலகின் பல நாடுகளைச் சேர்ந்த மாணவர்கள் தாம் என்றும் காணாத ஆற்றங்கரை வயலின் நெல் இலைகளைக் கொண்டு படவகைப்படுத்தலைக் கற்றனர். நம் பல்கலைக்கழக வட்டாரத்தில் இச்செய்தி போதிய அளவு பேசப்படவில்லை என்பது வியப்பிற்குரியது.

இத்தொகுப்பின் மதிப்பை உணர ஓர் ஒப்பீடு உதவும். மோகன்டி, ஹியூஸ், சலாத்தே ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, ‘பிளான்ட்வில்லேஜ்’ தொகுப்பின் 54,306 இலைப் படங்களைக் கொண்டு 99.35 விழுக்காடு துல்லியத்தை எட்டியது. அப்படங்கள் பறித்த இலையைச் சீரான பின்னணியில் வைத்து எடுக்கப்பட்டவை. வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது அதே மாதிரியின் துல்லியம் 31 விழுக்காட்டளவுக்கு வீழ்ந்தது. ஆய்வாளர்களே இதனைத் தம் கட்டுரையில் பதிவு செய்துள்ளனர். வயலில் நின்றபடி எடுத்த படங்களால் ஆன நெல்லைத் தொகுப்பு இக்குறையைப் பெருமளவு தவிர்க்கிறது.

எனினும் தலைமைப் பொறுப்பில் உள்ளவர் 97.5 என்னும் எண்ணோடு நின்றுவிடக் கூடாது. அவ்வெண் எதிலிருந்து பிறந்தது என்று பார்க்க வேண்டும். போட்டிக்கு அளித்த 10,407 பயிற்சிப் படங்களின் பட்டியல் பொதுவெளியில் உள்ளது. ஒவ்வொரு படத்திற்கும் நோயின் பெயர், நெல் இரகம், பயிரின் வயது ஆகியன குறிக்கப்பட்டுள்ளன. அப்பட்டியலை இரகவாரியாகப் பிரித்தால் ஆடுதுறை 45 மட்டும் 6,992 படங்களில் உள்ளது; மூன்றில் இரண்டு பங்கு ஒரே இரகம். எஞ்சியவற்றுள் கர்நாடகப் பொன்னி 988, பொன்னி 657, ஐ.ஆர். 20 இரகம் 114 என எண்ணிக்கை இறங்கிச் செல்கிறது. பட்டியலில் உள்ள பத்து இரகப் பெயர்களில் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அம்பை வரிசை இரகம் ஒன்றுகூட இல்லை. 1937இல் தொடங்கிய அந்நிலையத்தின் அம்பை 16 இப்பள்ளத்தாக்கின் உழவர்க்கு நன்கு பழகிய நெல். ஆற்றின் கரையில் பிறந்த தரவுத்தொகுப்பில் ஆற்றின் சொந்த நெல் இடம்பெறவில்லை.

இது தொகுப்பை உருவாக்கியோரின் குறையன்று. அந்த நேரத்தில் அந்த வயலில் நின்ற பயிரைத்தான் படமெடுக்க இயலும். இரகம் மாறினால் இலையின் நிறமும் அகலமும் நோய்க்குறியின் தோற்றமும் ஓரளவு மாறலாம்; அம்மாற்றம் கருவியின் விடையை எவ்வளவு பாதிக்கும் என்பதை அம்பை 16 நிற்கும் வயலில் சோதித்தால் மட்டுமே அறிய முடியும். அச்சோதனையைக் கோருவதே தலைமையின் முதல் வேலை.

இரண்டாவது உண்மை இன்னும் முதன்மையானது. அந்த 10,407 படங்களில் நலமான இலை 1,764 மட்டுமே, அதாவது 17 விழுக்காடு. பயிற்சிக்கு நோயுற்ற இலைகள் மிகுதியாகத் தேவை என்பதால் தொகுப்பு அவ்வாறு அமைவது இயல்பு. வயலில் விகிதம் தலைகீழானது. பெரும்பான்மை இலைகள் நலமாகவே உள்ளன. இவ்வேறுபாட்டின் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஆயிரம் குத்துகளைப் படமெடுக்கிறோம். அவற்றுள் 20 மட்டுமே நோயுற்றவை எனக் கொள்வோம். கருவி நோயுற்ற நூற்றில் 95ஐச் சரியாகப் பிடிக்கிறது. நலமான நூற்றில் 95ஐ நலம் என்றே சொல்கிறது. கேட்பதற்கு நல்ல கருவிதான். அது எழுப்பும் எச்சரிக்கைகளோ 68. அவற்றுள் உண்மையானவை 19, பொய்யானவை 49. பத்து எச்சரிக்கைகளில் ஏழு, நலமான பயிருக்கு மருந்தடிக்கச் சொல்லும். கருவியின் துல்லியம் 95 விழுக்காடு என்று விளம்பரத்தில் அச்சிடுவதும் பொய்யாகாது, உழவர் ஏமாற்றமடைவதும் பொய்யாகாது.

நோயை அறிதலும் மருந்தடிக்கத் துணிதலும்

நோயின் பெயரை அறிவது ஒரு செயல். மருந்தடிக்கலாம் எனத் துணிவது மற்றொரு செயல். ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்பு முறையில் இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பது பொருளாதாரச் சேதநிலை என்னும் கருத்து. பூச்சியால் ஏற்படும் இழப்பு, மருந்துச் செலவை மிஞ்சும் நிலை வரும்வரை தெளிக்க வேண்டியதில்லை என்பது அதன் பொருள். புகையானை எடுத்துக்கொள்வோம். தூருக்கு ஒரு பூச்சி என்பது அதன் சேதநிலை; குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சிவரை பொறுக்கலாம் எனத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை கூறுகிறது. உழவரின் நண்பனாகிய சிலந்தியும் கணக்கில் சேர்கிறது. புகையான் தங்குவது நீர்மட்டத்தை ஒட்டிய தண்டின் அடியில். இலையைப் படமெடுக்கும் கருவிக்கு அது தெரியாது, சிலந்தியும் தெரியாது. பயிரை விலக்கிக் குனிந்து எண்ணுபவருக்கே தெரியும்.

மேலும் வகைப்படுத்தும் மாதிரிக்குத் தான் கற்ற வகைகளுக்கு வெளியே உலகம் இல்லை. பத்து வகை கற்றது, எந்த இலையைக் காட்டினாலும் அப்பத்தில் ஒன்றில்தான் அடைக்கும். துத்தநாகச் சத்துக் குறைவால் நெல் இலையில் துருநிறப் புள்ளிகள் தோன்றுவது பலரும் அறிந்தது. சத்துக்குறைவு என்னும் வகையே இல்லாத மாதிரி அதனைச் செம்புள்ளி நோய் என்று சொல்லக்கூடும். எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இட வேண்டிய வயலுக்குப் பூசணக்கொல்லி போய்ச் சேரும். பணம் வீணாவதோடு பயிரின் குறையும் தீராது. தேவையற்ற மருந்து தீங்கற்றதும் அன்று. சில செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் இயற்கை எதிரிகளை அழித்துப் புகையானையே பெருக்கிவிடும் என்பது பூச்சியியலில் நிறுவப்பட்ட செய்தி.

துங்ரோ போன்ற நச்சுயிரி நோயில் நிலைமை எதிர்மாறானது. நோயுற்ற பயிரைக் குணமாக்கும் மருந்து இல்லை. பச்சைத் தத்துப்பூச்சியின் பரவலை முன்பே தடுத்தால்தான் பயன். அங்கே கருவி ஓர் எச்சரிக்கையைத் தவறவிடுவது பொய் எச்சரிக்கையைவிடக் கேடானது. ஆகவே ஒரே கருவியை ஒரே அளவுகோலில் வைத்து நம்புவதோ மறுப்பதோ பொருந்தாது. எந்த நோய்க்கு எவ்வகைப் பிழை தாங்கத்தக்கது என்பதை நோய்தோறும் தலைமை தீர்மானிக்க வேண்டும். மென்பொருள் உருவாக்குபவர் அதனைத் தீர்மானிக்க இயலாது, ஏனெனில் இழப்பு அவருடையதன்று. 2024 ஆகஸ்டு 15இல் ஒன்றிய அரசு தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பும் செயற்கை நுண்ணறிவை அடிப்படையாகக் கொண்டது. அதன் வழியாக வரும் எச்சரிக்கையை ஊருக்குக் கொண்டுசெல்லும் உதவி வேளாண்மை அலுவலருக்கும் இத்தீர்ப்பு தேவைப்படும்.

மழையும் மடையும்

2025ஆம் ஆண்டுக் காரிஃப் பருவச் சாகுபடிக்கு முன், செயற்கை நுண்ணறிவு சார்ந்த பருவமழைத் தொடக்க முன்னறிவிப்புகளை 13 மாநிலங்களின் ஏறத்தாழ 3.8 கோடி உழவர்களுக்குக் குறுஞ்செய்தியாக ஒன்றிய வேளாண் அமைச்சகம் அனுப்பியது. கூகுளின் ‘நியூரல்ஜிசிஎம்’, ஐரோப்பிய மையத்தின் ‘ஏஐஎஃப்எஸ்’ ஆகிய மாதிரிகள் அதற்குப் பயன்பட்டன. மழை தொடங்கும் நாளை வாரங்களுக்கு முன்பே அறிவது மானாவாரி உழவருக்குப் பெரிய உதவி என்பதில் ஐயமில்லை.

பொருநைப் பாசனத்தில் வினா சற்று வேறுபடுகிறது. இங்கே தேவைப்படுவது வயலில் பெய்யும் மழையின் நாளன்று. மலையில் பெய்து அணைக்கு வரும் நீரின் அளவு. உலகளாவிய மாதிரிகளில் பெயர்பெற்ற ‘கிராஃப்காஸ்ட்’ 0.25 பாகை அளவுள்ள கட்டங்களில் இயங்குவது. ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர். 1,868 மீட்டர் உயர அகத்தியர் மலையிலிருந்து அம்பாசமுத்திரத்துச் சமவெளிவரை நிலம் இறங்கும் இறக்கம் அத்தகைய ஓரிரு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். தென்மேற்குப் பருவத்தில் மலைமேல் கொட்டும்போது பாளையங்கோட்டையில் வெயில் அடிப்பதை இப்பகுதியினர் அறிவர். கட்டத்தின் சராசரி மலைக்கும் பொருந்தாது, வயலுக்கும் பொருந்தாது. அணையின் நாள்வாரி நீர்வரத்துப் பதிவுகளைக் கொண்டு அம்முன்னறிவிப்பை இப்பள்ளத்தாக்கிற்கெனத் திருத்தியமைத்த பின்னரே மடை திறக்கும் முடிவில் அதற்கு இடமளிக்கலாம். அப்பதிவுகள் நீர்வளத்துறையிடம் உள்ளன. எனவே இது இயலாத பணியன்று.

இயலாத பக்கமும் ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நடவு முடிந்த பிசான வயல்கள் மூழ்கின; திருவைகுண்டம், ஏரல் பகுதிகள் பெரும் சேதத்திற்குள்ளாயின. எச்சரிக்கை எப்போது, எந்த அளவில் வந்தது என்பது பற்றி மாநில அரசுக்கும் ஒன்றிய அரசுக்கும் இடையே வெளிப்படையான கருத்து மாறுபாடு எழுந்தது. அவ்விவாதத்திற்குள் செல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. கற்றல் மாதிரிகளைப் பொறுத்தவரை அந்த நாள் ஒரு பாடம். கிராஃப்காஸ்ட் கற்றது 1979 முதல் 2017 வரையிலான 39 ஆண்டு வானிலைத் தரவை. பழைய தரவில் மிக அரிதாகவோ அறவே இல்லாமலோ உள்ள நிகழ்வை மாதிரி முழு அளவில் உணர்த்தும் என எதிர்பார்ப்பதற்கில்லை. சராசரிப் பிழையைக் குறைக்கும்படி பயிற்றப்பட்ட மாதிரிகளுக்கு உச்சங்களை மழுங்கச் செய்யும் போக்கும் உண்டு. எஞ்சிய ஆண்டுகளில் எல்லாம் சரியாகச் சொன்ன கருவி, அந்த ஒரு நாளில் தவறினால், அதன் சராசரி மதிப்பெண்ணில் அது தெரியவே தெரியாது. வறட்சியில் காய்ந்த அதே கடைமடைதான் வெள்ளத்திலும் முதலில் மூழ்கியது. ஆண்டுச் சராசரியை மட்டும் காட்டும் அறிக்கையை ஏற்கும் பொறியாளர், தாம் அறியாமலே தலைமடையின் பக்கம் நின்றுவிடுகிறார்.

மதகுக்காரரும் நீர்ப்பாய்ச்சியும் தலைமுறையாகக் கண்டறிந்தவை இங்கே பழங்கதையாக ஒதுக்கத்தக்கவை அல்ல. ஆற்று நீரின் நிறம், கால்வாயில் மிதந்து வரும் சருகு, வாய்க்கால் கரை கசியும் இடம் ஆகியன எந்த உணரியிலும் பதிவாவதில்லை. அவர்கள் கூற்றையும் நாள் குறித்து எழுதி வைத்தால் அதுவும் தரவே. 2000ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு வழிவகுத்துள்ளது. அவற்றின் பதிவேட்டில் இதற்கென ஒரு பக்கம் ஒதுக்குவதற்குப் புதிய நிதி எதுவும் தேவையில்லை.

உரையாடும் செயலியும் உழவர் தமிழும்

தமிழாய்வாளர் நேரடியாக இறங்க வேண்டிய களம் இது. 2018இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ‘உழவன்’ செயலி உழவர்க்குத் திட்டங்களையும் விலைகளையும் தமிழில் தந்து வருகிறது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய ‘கிசான் இ-மித்ரா’ தமிழிலும் உரையாடுகிறது. அண்மைக்காலப் பெருமொழி மாதிரிகள் எந்த வினாவிற்கும் தடையற்ற தமிழில் விடை தருகின்றன. தடையற்ற தமிழ் என்பதே இடர். பிழையான விடையும் சரியான விடையும் ஒரே மிடுக்கோடு வருகின்றன.

சில சொற்களைக் காண்போம். ‘கார்’ என்பது இப்பள்ளத்தாக்கில் பயிர்ப் பருவம். பேச்சில் சாலையில் ஓடும் வண்டியும் அதுவே. ‘ஆனைக்கொம்பன்’ ஓர் ஈயால் நெற்குருத்து வெண்குழலாக நீளும் தாக்குதலின் பெயர். மரபு நெல் இரகம் ஒன்றின் பெயரும் அதுவே. ஆனைக்கொம்பன் வந்திருக்கிறது என்று உழவர் சொன்னால் வருந்துகிறாரா மகிழ்கிறாரா என்பது சூழலைக் கொண்டே அறியத்தக்கது. ‘குலைநோய்’ என எழுதுவதைப் பேச்சில் ‘கொலநோய்’ என்கிறோம். அதைக் கேட்டெழுதும் மென்பொருள் கொலைநோய் என எழுதினால் அதன்மேல் குற்றமில்லை, தமிழின் ஒலிமாற்ற விதியை அதற்கு யாரும் கற்பிக்கவில்லை. குலை என்றவுடன் அது வாழையைப் பற்றிப் பேசத் தொடங்குவதும் நிகழக்கூடியதே. இப்பள்ளத்தாக்கு நெல்லும் வாழையும் அடுத்தடுத்து நிற்கும் பூமி.

அளவைச் சொற்களில் தவறு நேர்ந்தால் சிரித்து நகர இயலாது. பரிந்துரை நூல்கள் எக்டேருக்கு இவ்வளவு என்கின்றன. உழவர் கேட்பது ஒரு டேங்குக்கு எத்தனை மில்லி என்பதே. டேங்க் 10 லிட்டரா 16 லிட்டரா, ஏக்கருக்கு எத்தனை டேங்க் அடிக்கிறார், கைத்தெளிப்பானா விசைத்தெளிப்பானா என்று திருப்பிக் கேட்காமல் எண்ணைச் சொல்லும் செயலி, சரியான மருந்தைத் தவறான அளவில் கொடுத்துவிடும். மூத்தோர் பேச்சில் கோட்டை, மரக்கால் என்னும் விதைப்பாட்டுக் கணக்கும் இன்னும் வழங்குகிறது. இச்சொற்களுக்கு விடை சொல்லுமுன் எதிர்வினா எழுப்புகிறதா என்பதைக் கொண்டே ஒரு செயலியின் தரத்தைப் பெருமளவு மதிப்பிட்டுவிடலாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

யாருக்கு விடை கிடைக்கிறது என்பதும் எண்ணத்தக்கது. கிசான் இ-மித்ரா விடையளிக்கத் தொடங்கியது ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பிரதமர் உழவர் நிதியுதவித் திட்டம் பற்றிய வினாக்களுக்கு. அத்திட்டம் நிலவுடைமைக் குடும்பங்களுக்கானது. தாமிரபரணிக் கரையில் கோயில், மடத்து நிலங்களைக் குத்தகைக்கு உழுவோரும் வாரத்திற்கு உழுவோரும் உளர். நடவிலும் களையெடுப்பிலும் நோய்க்குறியை முதலில் காண்பவர் பெரும்பாலும் பெண் கூலியாட்கள். பட்டா எண்ணைக் கேட்டுத் தொடங்கும் எந்த அமைப்பிலும் இவர்கள் தரவாகவும் நுழைவதில்லை, பயனாளராகவும் நுழைவதில்லை.

பொறுப்பைப் பெயரிடுதல்

தமிழ்நாடு அரசு 2020இல் பாதுகாப்பான, அறவழிப்பட்ட செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கையை வெளியிட்டது. வெளிப்படைத்தன்மை, தணிக்கை, பொறுப்புடைமை, தவறான பயன்பாட்டிலிருந்து பாதுகாப்பு, எண்மப் பிளவு, நேர்மை ஆகியவற்றைக் கருவிகளை ஏற்குமுன் மதிப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். சென்னையில் எழுதப்பட்ட அக்கொள்கை சேரன்மகாதேவி வட்டாரத்து வேளாண் அலுவலகத்தின் மேசையில் என்ன வடிவம் எடுக்கும்? அதற்கு ஒரு பதிவேடு போதும். ஒரு பருவம் முழுதும் கருவியின் விடை உழவருக்குச் செல்லுமுன் படம், கருவியின் விடை, அலுவலரின் தீர்ப்பு, உழவர் சொன்ன பெயர், பத்து நாள் கழித்து வயலில் கண்டது ஆகியன ஒரே வரியில் எழுதப்பட வேண்டும். கருவியும் அலுவலரும் மாறுபட்ட வரிகளே அப்பதிவேட்டின் பொன்னான பகுதி. அவற்றை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் கூடும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் வாசிக்கலாம். எந்த அலுவலரின் பெயரில் அறிவுரை சென்றதோ அவர் பெயர் அதில் இருக்க வேண்டும்; ‘செயலி சொன்னது’ என்பதை விளக்கமாக ஏற்கக் கூடாது.

இதற்கு ஒரு மறுப்பு எழும். உதவி வேளாண்மை அலுவலர் ஒருவர் பல ஊர்களைப் பார்க்க வேண்டிய நிலையில் இன்னொரு பதிவேடு எப்படி இயலும் என்பது அது. மறுப்பு நியாயமானது. பணிச்சுமையைக் குறைக்கவே கருவி வருகிறது என்பதும் உண்மை. எனவே எல்லாப் படங்களுக்கும் வேண்டாம். அரிய நோய் எனக் கருவி சொல்வனவும், தெளிப்பிற்கு வழிகாட்டுவனவும், கடைமடை ஊர்களிலிருந்து வருவனவும் மட்டும் பதிவானால் போதும். போட்டித் தொகுப்பில் பாக்டீரியா கதிர்க்கருகலுக்கு 337 படங்களே இருந்தன. அத்தகைய வகைகளில்தான் கருவிக்குப் பயிற்சி குறைவு, மனிதக் கண் அங்கேதான் வேண்டும்.

உழவரின் படமும் இருப்பிடமும் அவர் சொன்ன சொல்லும் யாருடையவை என்பதையும் தலைமை முன்பே தீர்க்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை அடிப்படையாகக் கொண்டது. தனியார் நிறுவனத்தின் செயலியில் நோயுற்ற வயலின் படத்தை ஏற்றும் உழவர், தம் ஊரில் எந்த மருந்துக்கு எப்போது தேவை எழும் என்னும் வணிகச் செய்தியையும் சேர்த்தே கொடுக்கிறார். ஒப்புதல் வாசகத்தை நீதிமன்றத் தமிழில் எழுதிவிட்டு உழவர் ஒப்பினார் என்பது முறையாகாது. வாசித்தால் புரியும் தமிழில் அதனை எழுதித் தருவது நம் துறை செய்யக்கூடிய பணி.

அதனினும் பெரிய பணி ஒன்று காத்திருக்கிறது. நோய், பூச்சி, மண், நீர் பற்றிய உழவர் வழக்குச்சொற்களை ஒலிப்பதிவோடும் பயிரின் படத்தோடும் இரகப் பெயரோடும் திரட்ட வேண்டும். அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையமும் கிள்ளிகுளம் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரியும் நோயை உறுதிசெய்யலாம். பல்கலைக்கழகக் கணினித்துறை தொகுப்பை அமைக்கலாம். சொல்லையும் அதன் ஒலிவேறுபாட்டையும் தமிழ்த்துறை கவனிக்கலாம். முனைவர் பட்ட ஆய்வேடுகளாக வெளிவரும் வட்டார வழக்குச்சொல் தொகுப்புகள் நூலகத்தில் உறங்குகின்றன. அவற்றின் வேளாண் சொற்களை மட்டும் பிரித்தெடுத்தாலே நல்ல தொடக்கம் அமையும். எட்டு அணைக்கட்டுகளுக்கும் அணைக்கட்டுக்கு ஓர் ஊர் என வைத்து அடுத்த காரில் இதனைத் தொடங்க இயலும். வழக்கம்போல் கோடைமேலழகியானிலிருந்து கீழே இறங்கி வராமல், திருவைகுண்டம் தென்காலின் கடைமடையிலிருந்து மேலே ஏறிச் செல்வது நல்லது.